இலவச ஜேசிபிக்கு வரத்துக்கால்வாயை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் சுமார் இரண்டு கிலோமீட்டருக்குக் கருவேலமும் மண்ணுமாக மூடிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து, வெளியூரில் வேலை பார்ப்பவர்களிடம் பணம் திரட்டி, மழைக்கு முன்னால் தூர்வார நினைக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "ஜேசிபி, டிப்பர் எல்லாம் நான் கொண்டு வர்றேன். பைசா வேண்டாம், மண்ணை மட்டும் எடுத்துக்கிறேன். அனுமதியும் நானே வாங்கிடுறேன்" என்கிறார். நடுவில் ஓரிடத்தில் ஒருவர் வாய்க்காலை மூடித் தென்னை வைத்திருக்கிறார். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இவரை நம்பி இறங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இறங்காதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. மண்ணைக் கூலியாகக் கேட்பவருக்கு மண் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கேதான் கண் போகும். வாய்க்கால் அடைத்துக் கிடக்கும் இடத்தில் இருப்பது சேறும் வேரும் குப்பையும். அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். பிளாட் போடுகிறவர்களுக்கும் கட்டடத்துக்கு நிரப்புகிறவர்களுக்கும் வேண்டியது அதற்கு அடியில் இருக்கும் கிராவல், அதாவது சரளை மண். ஆக, மேடு மேடாகவே கிடக்கும், நல்ல மண் உள்ள இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழும். பார்க்க ஆழமாக இருப்பதால் ஊரும் "பரவாயில்லையே, நல்லா தோண்டியிருக்கான்" என்று சொல்லும்.

வாய்க்கால் என்பது ஆழமாக இருந்தால் போதும் என்ற விஷயம் அல்ல. அதன் தரை மேலிருந்து கீழ்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வர வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால், வருகிற தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பும். நம் பக்கம் ஓடை ஓடுவதே சில மழைகளுக்குத்தான். அதுவும் சில மணி நேரம். நாலு பள்ளம் நிரம்புவதற்குள் மழை விட்டுவிடும், கண்மாய்க்கு ஒரு சொட்டும் வராது. அடுத்த நாள் அந்தப் பள்ளங்களில் சிறுவர்கள் குளிக்க இறங்குவார்கள். மண் அள்ளிய பள்ளத்தில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அடுத்து அவர் சொல்லும் "அனுமதி". இதில்தான் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கண்மாயில் வண்டல் மண்ணும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் கட்டணம் இல்லாமல் அனுமதி உண்டு. முன்பு இதற்கு ஆட்சியர் அலுவலகம்வரை அலைய வேண்டும். 2024 ஜூன் முதல் தாசில்தாரே கொடுக்கலாம் என்று அரசு மாற்றியது, நல்ல காரியம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மாவட்ட அரசிதழில் பட்டியல் போட்ட கண்மாயில் மட்டும், சொந்த வயலில் கொட்டவோ மண்பாண்டம் செய்யவோ மட்டும். விற்பதற்கு அல்ல. உங்கள் வரத்துக்கால்வாயின் கிராவலுக்கும் இந்த அனுமதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்படி மண்ணுக்காக வரும் புரோக்கர் என்ன செய்வார் என்றால், ஊரில் பத்துப் பதினைந்து விவசாயிகளிடம் சிட்டா, அடங்கல், ஆதார் நகல் கேட்பார். "உங்க பேர்ல எழுதிக் கொடுத்தாத்தான் அனுமதி கிடைக்கும்" என்பார். அது உண்மைதான். அனுமதி உங்கள் அப்பா பெயரில், சித்தப்பா பெயரில் வரும். மண் மட்டும் வேறு எங்கோ போகும். டிப்பர் பிடிபட்டால் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். ஆகவே நகல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தில் தெரியப்படுத்தி, அந்தக் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "சவுடு மண்ணுக்கு அனுமதி இருக்கு" என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். சவுடு என்று பொத்தாம்பொதுவாகப் பெயர் போட்டு அனுமதி கொடுக்கக் கூடாது, மண்ணில் என்ன கனிமம் இருக்கிறது என்று ஆய்வு செய்த பிறகே கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லேயே சொல்லிவிட்டது. சவுடு என்ற பெயரில் ஆற்று மணலே போய்க்கொண்டிருந்ததால் வந்த தீர்ப்பு அது.

சரி, அனுமதி யாரிடம்? உங்கள் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறை என்றால் உங்கள் பகுதிக்கு உதவிப் பொறியாளர் ஒருவர் இருப்பார், ஊரில் ஏ.இ. என்பார்கள். ஒன்றியம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. மனுவை அவருக்கு எழுதுங்கள், ஒரு நகல் தாசில்தாருக்கு, ஒரு நகல் ஆட்சியருக்கு. கோயில் கண்மாய், காட்டுக்குள் கண்மாய் என்று வேறு வகைகள் உண்டு, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது அந்த வகை இல்லை. அதை விடுங்கள்.

மனு போட்டவுடன் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். நீர்வளத்துறை, நிலம் வருவாய்த்துறையுடையது என்று சொல்லும். வருவாய்த்துறை, வாய்க்கால் பராமரிப்பு நீர்வளத்துறை என்று சொல்லும். ஒன்றியம், இரண்டு பேரும் தடையில்லை என்று கொடுத்தால் நாங்கள் பார்க்கிறோம் என்று சொல்லும். ஒரே வாய்க்காலுக்கு மூன்று அலுவலகம், மூன்று கோப்பு, மழை மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சொந்தப் பணத்தில் சொந்த உழைப்பில் பொதுச்சொத்தைச் சரிசெய்ய வருகிற இளைஞர்களை ஒரு மாதம் படியேற வைப்பது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்கு இத்தனை வருடத்தில் புரியவே இல்லை. இதைச் சுருக்க ஒரு வழி உண்டு. கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அடுத்த கூட்டத்தில், கால்வாயின் சர்வே எண்கள், எங்கிருந்து எங்கே வரை, கை வேலையா இயந்திரமா, மண்ணை இரு கரையிலும்தான் போடுவோம், வெளியே ஒரு வண்டிகூடப் போகாது என்று விவரமாக எழுதித் தீர்மானம் போடுங்கள். மனுவோடு அதன் நகலை இணைத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

சர்வே எண் தெரிய அலுவலகத்துக்கே போக வேண்டாம். தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (எந்த எண் என்ன வகை நிலம் என்ற பதிவு) புலப்படமும் (அந்த எண்ணின் வரைபடம்) காசில்லாமல் எடுக்கலாம். அவற்றை அச்செடுத்துக்கொண்டு, ஊரில் நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவராக, இருந்த பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு கால்வாயை ஒரு தடவை முழுக்க நடந்து பாருங்கள். பெரிய கண்மாய் என்றால் நீர்வளத்துறையில் மெமாயர் என்று ஒரு பழைய ஆவணம் இருக்கும். 1883-ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்த கண்மாய்ச் சீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு கண்மாயாக அளந்து எழுதியவை. மடை மட்டம், கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) மட்டம், எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். தரவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது தென்னை வைத்திருப்பவர். இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல குழுக்கள் உடைந்திருக்கின்றன. அவர் மூடியிருக்கும் இடம் அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று தனி எண்ணில் இருந்தால் அது ஆக்கிரமிப்பு. 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் தாசில்தார் 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6-ஆம் பிரிவில் அகற்றலாம். நீர்வளத்துறைக் கண்மாய்களுக்கு 2007-ல் தனிச் சட்டமே இருக்கிறது. அகற்றுவது அவர்கள் வேலை. நீங்கள் ஜேசிபியை விட்டு ஒரு தென்னையைச் சாய்த்தால், புகார் உங்கள் மேல்தான் பதிவாகும்.

ஆனால் புலப்படத்தைக் கூர்ந்து பாருங்கள். சில இடங்களில் வாய்க்காலுக்குத் தனி எண்ணோ உட்பிரிவோ இருக்காது. ஒருவருடைய பட்டா நிலத்துக்குள்ளேயே வாய்க்கால் கோடு மட்டும் போட்டிருக்கும், அல்லது கோடே இருக்காது, தண்ணீர் மட்டும் தாத்தா காலத்திலிருந்து அந்த வழியாக ஓடியிருக்கும். இது புறம்போக்கு இல்லை. நிலம் அவருடையது. 1905 சட்டம் இங்கே பேசாது, தாசில்தாராலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக அவர் இஷ்டத்துக்கு மூடிக்கொள்ளலாம் என்றும் அர்த்தம் இல்லை. தடையில்லாமல் இருபது வருடத்துக்கு மேல் உரிமையோடு தண்ணீர் போய்வந்திருந்தால், 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி அந்த வழியில் உங்களுக்குப் பாத்தியதை உண்டு. அதை நிலைநாட்டும் இடம் சிவில் கோர்ட். அவர் அடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது என்றால் வழக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் அடைத்த இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எதிர்பார்க்கிறது. கோர்ட்டுக்குப் போனால் எத்தனை பருவமழை போகும் என்று உங்களுக்கே தெரியும். இந்த வகை என்றால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, அவர் நிலத்தின் வரப்போரமாக வாய்க்காலை ஒதுக்கிக் கொடுக்கிறாரா, குழாய் பதிக்க விடுகிறாரா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிப் பதிவு செய்யுங்கள். அவர் மகன் நிலத்தை விற்றால் வாங்குபவருக்கு உங்கள் வாய்ப்பேச்சு தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஆக்கிரமிப்பாளர்" என்று போஸ்டர் ஒட்டிய ஊர்களில், வாய்க்கால் பேச்சு நின்று சாதிப் பேச்சு ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அளப்பதற்குத் தனியார் சர்வேயரைக் கூட்டிவந்து "அளந்தாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு" என்று ஒருவர் காசு கேட்பார். அந்தக் கையெழுத்தை வைத்து ஒரு செடியைக்கூட அகற்ற முடியாது. வட்ட நில அளவர் வந்து அளந்தால்தான் செல்லும், அதற்குத் தாசில்தாரிடம் மனு.

கருவேலத்துக்கும் ஓர் ஆள் வருவார், கரிமூட்டக்காரர். "நானே வெட்டிக்கிறேன்" என்பார். புறம்போக்கில் நிற்கும் மரம் கருவேலமே ஆனாலும் அரசுச் சொத்து. ஏலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும், ஆகவே மனுவிலேயே அதையும் கேளுங்கள். ஏலம் எடுத்தவர் தரையோடு வெட்டிவிட்டுப் போனால் ஒரே மழையில் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும் என்பது நிபந்தனையில் இருக்கட்டும்.

வேலை தொடங்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள், அனேகமாக உங்கள் பிரச்சினையே இதுவாக இருக்கலாம். கால்வாயைக் குறுக்கே வெட்டும் சாலைகளில் குழாய்ப் பாலம் எந்த மட்டத்தில் இருக்கிறது? சாலையை உயர்த்தும்போது குழாயையும் தூக்கி வைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் குழாயே வைப்பதில்லை. கால்வாய்த் தரையைவிட ஒரு முழம் மேலே குழாய் இருந்தால், நீங்கள் இரண்டு கிலோமீட்டர் தோண்டினாலும் தண்ணீர் அங்கே நின்றுவிடும். கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூபை வைத்தே மட்டம் பார்க்கலாம். பாலத்தை மாற்றுவது சாலை யாருடையதோ அவர்கள் பொறுப்பு, அதற்குத் தனி மனு. மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து மறுகால் பாய்ந்துதான் உங்கள் கால்வாய்க்குத் தண்ணீர் வருகிறது என்றால், மேலூர்க்காரர்களையும் முதல் நாளிலேயே கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் கலுங்குப் பக்கம் மண்வெட்டி போடாதீர்கள்.

கண்மாயை ஆழப்படுத்துவதை விட்டுவிட்டுக் கால்வாயில் கை வைக்க நினைத்தீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். மதுரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வருடக்கணக்கில் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது. பனையூர்க் கால்வாய் வழியைச் சரிசெய்த பிறகு வைகைத் தண்ணீர் தானாக வந்து நிரம்பியது. வழி அடைபட்டால் நேர்மாறாக என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது பார்த்தோம்.

தோண்டும்போது வண்டலை மட்டும் எடுங்கள், பழைய கெட்டித் தரை தென்பட்டதும் நிறுத்திவிடுங்கள். எடுத்த மண்ணை வாய்க்கால் விளிம்பில் குவிக்காமல் கரையில் சற்றுத் தள்ளிப் போட்டு, மிதித்து இறுக்குங்கள். புரட்டாசி பாதிக்குள் முடியாது என்று தெரிந்தால் அத்தனை நீளத்தையும் அரைகுறையாகத் திறக்க வேண்டாம். கண்மாயில் சேரும் முனையிலிருந்து மேல்நோக்கி முடிந்தவரை முழுசாகச் செய்துவிட்டு, மீதியைத் தை கழித்துத் தொடங்குங்கள். பணத்துக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு போதும். "எங்கள் அறக்கட்டளை பெயரில் செய்தால் கம்பெனி நிதி வரும்" என்று பேனரோடு வருகிறவரிடம், கணக்கை ஊருக்குக் காட்டுவாரா என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் உங்கள் வாய்க்காலில் அவரைப் போட்டோ எடுக்கவும் விட வேண்டாம்.