மொத்தப் புரதம் நார்மல்; ஆனால் அப்பாவுக்குக் கால் வீங்குகிறதே?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. ஒரு மாதமாக இரண்டு கால்களும் வீங்குகின்றன. ரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம் 6.4, அல்புமின் 2.6, குளோபுலின் 3.8, ஏ/ஜி விகிதம் 0.68 என்று வந்திருக்கிறது. 'மொத்தப் புரதம் நார்மல்தானே, முட்டை வெள்ளைக்கருவும் புரோட்டீன் பவுடரும் கொடுத்தால் சரியாகிவிடும்' என்கிறார்கள் உறவினர்கள். இந்தப் புரதங்களுக்கு உடலில் என்ன வேலை? பவுடர் கொடுக்கலாமா?

பதில்: புரோட்டீன் பவுடரை இப்போது வாங்க வேண்டாம். அதற்கு முன் சிறுநீரைப் பரிசோதித்தாக வேண்டும்.

மொத்தப் புரதம் என்பது இரண்டு எண்களின் கூட்டல். அல்புமின் 2.6, குளோபுலின் 3.8, சேர்த்தால் 6.4. ஒன்று இறங்கியதை மற்றது ஏறி மறைத்துவிட்டது. அல்புமின் சாதாரணமாக டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். குளோபுலின் ஏறக்குறைய 2 முதல் 3.5 வரை. அல்புமினைக் குளோபுலினால் வகுத்து வரும் ஏ/ஜி விகிதம் 1-க்குக் கீழே வந்தாலே மொத்தக் கணக்கை விட்டுவிட்டு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல் மட்டும்தான். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை. நுண்ணிய ரத்தக்குழாய்களில் இருந்து தண்ணீர் வெளியே கசிந்து தசையிலும் தோலுக்கு அடியிலும் தேங்கிவிடாமல் உள்ளே இழுத்து வைப்பது பெரும்பாலும் இதன் வேலை. அல்புமின் குறைந்தால் அந்தப் பிடி தளர்கிறது; கூடவே சிறுநீரகம் உப்பைத் தேக்கிக்கொள்ளும்போது கால் வீங்குகிறது. பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள், கொழுப்பு அமிலங்கள், கால்சியம், பல மருந்துகள் எல்லாவற்றையும் சுமந்து போவதும் அல்புமின்தான். அப்பாவின் ரிப்போர்ட்டில் கால்சியம் குறைவாக இருந்தால் அதற்காகத் தனியாகப் பதற வேண்டாம்: அல்புமின் 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியம் அளவுடன் 0.8 மில்லிகிராம் கூட்டிப் பார்ப்பது வழக்கம். அவருக்கு 1.1 கூட்டலாம். சந்தேகம் இருந்தால் அல்புமினுடன் ஒட்டாமல் தனியாக இருக்கும் அயனி கால்சியம் பார்த்துவிடலாம். ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அல்புமின் குறைந்தால் வழக்கமான அளவே அதிகமாக வேலை செய்யும்.

குளோபுலின் என்பது ஒரே புரதம் அல்ல, ஒரு கூட்டம். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் இரண்டும் அதில் அடக்கம். நோய் எதிர்ப்புக்கான இம்யூனோகுளோபுலின்களும் அதில்தான் வரும். இந்த இம்யூனோகுளோபுலின்களை உண்டாக்குவது கல்லீரல் அல்ல, பிளாஸ்மா செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள். அதனால்தான் கல்லீரல் நாள்பட்டுச் சுருங்கும்போது அல்புமின் இறங்கும், குளோபுலின் ஏறும். நாள்பட்ட தொற்றிலும் அழற்சியிலும் இதே படம் வரலாம். எலும்பு மஜ்ஜையில் வரும் மயலோமா என்ற புற்றுநோயிலும் குளோபுலின் ஏறும். ரத்தப் புரதங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோஃபோரசிஸ் செய்தால், அகலமான மேடா, ஊசி போன்ற ஒற்றை முகடா என்று வரைபடத்திலேயே தெரியும். ஊசி முகடு என்றால் மயலோமாவுக்கான மேல் பரிசோதனைகள் தேவை.

மூன்றாவது முக்கியப் புரதம், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன், உங்கள் ரிப்போர்ட்டில் இருக்காது. ரத்தத்தை உறையவிட்டு, மேலே நிற்கும் சீரத்தில் செய்த பரிசோதனை இது. உறைவதற்குள் ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் இழைகளாக மாறிச் செலவாகிவிடுகிறது. அதை அளக்க, சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். குறித்த கோடு வரை நிரம்பாவிட்டால் முடிவு தப்பாகும். அப்பாவுக்கு அதைவிட முக்கியம், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் பி.டி./ஐ.என்.ஆர். பரிசோதனை. அல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள் என்பதால் கல்லீரல் திடீரென்று பழுதானால் அது மெதுவாகத்தான் குறையும்; உறைதல் காரணிகள் சில மணி நேரத்திலும் நாட்களிலும் குறைந்து, ஐ.என்.ஆர். முன்னதாகவே ஏறிவிடும்.

குளோபுலின் ஏறியிருப்பதால் கல்லீரல் மீதுதான் என் முதல் சந்தேகம். ஆனால் சிறுநீரகம் வழியாக அல்புமின் ஒழுகுகிறதா என்பதைப் பார்க்காமல் விடக் கூடாது. காலையில் முதல் சிறுநீரின் நடுப்பகுதியைப் பிடித்து, சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது என்று காட்டும் புரத-கிரியேட்டினின் விகிதம் கேளுங்கள். நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போனால் அது நெஃப்ரோடிக் நிலை. அங்கே பவுடர் கொடுத்தால் இன்னும் அதிகமாக ஒழுகுமே தவிர அல்புமின் ஏறாது. உணவுப் புரதம் கிலோ எடைக்கு 0.8 முதல் 1 கிராம் போதும். கல்லீரல் சுருக்கம் என்றால் கணக்கே வேறு: கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் தேவை. 'லிவர் கோளாறு, புரதம் வேண்டாம்' என்று பட்டினி போட்டுத் தசையைக் கரைப்பது பெரிய கெடுதல். இதனுடன் வயிற்று ஸ்கேன், கல்லீரல் என்சைம்கள், மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ ஆகியவையும் தேவை.

எந்தக் காரணமாக இருந்தாலும் இன்றே உப்பைக் குறைக்கலாம்: நாளுக்கு 5 கிராமுக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாடு இல்லாமல். கால் வலிக்கிறது என்று டைக்லோஃபினாக், இபுப்ரோஃபென் மாத்திரைகள் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுத்து வீக்கத்தைக் கூட்டும். ரிப்போர்ட்டில் அளவை உயர்த்துவதற்காக மட்டும் அல்புமின் டிரிப் ஏற்றச் சொல்லியும் கேட்காதீர்கள். வயிற்றில் இருந்து 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்த பின் கொடுப்பது போன்ற சில நிலைகளில்தான் அதற்குப் பயன் உண்டு.

ஒரு கால் மட்டும் திடீரென்று அதிகமாக வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, பேச்சு குழம்பினாலோ, வயிறு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.