ஆங்கிலத்தில் 'கிரேன்' என்பது பறவையா, இயந்திரமா? எதன் பெயர் எதற்குப் போனது?

பறவைதான் மூத்தது. பழைய ஆங்கிலத்தில் 'கிரான்', ஜெர்மனில் 'கிரானிஷ்', லத்தீனில் 'குரூஸ்', கிரேக்கத்தில் 'கெரானோஸ்' எல்லாம் ஒரு வேர்ச்சொல்லின் கிளைகள். கரகரத்துக் கத்துவது என்பது அந்த வேரின் பொருள். பெயர் பொருத்தமானதே. பெரும்பாலான கிரேன் இனங்களில் மூச்சுக்குழல் நீண்டு, நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடக்கும். அதனால்தான் கூவல் கிலோமீட்டர் கணக்கில் கேட்கிறது.

பாரம் தூக்கும் பொறிக்கு அதன் நீள்கழுத்துச் சாயலால் கிரேக்கர்களே 'கெரானோஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பொருள் இடைக்காலத்திலேயே வந்துவிடுகிறது. எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

இதைவிடச் சுவையானது வம்சாவளியைக் குறிக்கும் 'பெடிகிரீ'. நாய் விற்பவர்கள் வாயில் தினமும் புழங்கும் இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கிரேனின் கால்'. பழைய பிரெஞ்சில் 'பியே தெ கிரூ'. வம்சாவளிப் பட்டியலில் தந்தையிலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் கிளைக்கோடுகள் பறவையின் விரல் தடம்போல இருந்ததால் அந்தப் பெயர். ஜெரேனியம் என்ற பூச்செடியின் பெயரும் 'கெரானோஸ்' வழி வந்ததே. அதன் காய் இப்பறவையின் அலகுபோல நீண்டிருக்கும்.

மொழிபெயர்ப்பில்தான் தவறு நடக்கிறது. 'கிரேன்' என்றதும் 'கொக்கு' என்று எழுதிவிடுகிறோம். நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு எக்ரெட். அது கிரேன் அல்ல, ஹெரான் என்ற வேறு பறவைக் குடும்பம். ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதில் யோக்கியர்கள் இல்லை. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கில் ஹெரானையே 'கிரேன்' என்பார்கள். எனவே பழைய எழுத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் எந்தப் பறவை என்று இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

பறக்கும்போது கழுத்தை ஆங்கில 'S' போல மடித்து உள்ளிழுத்துக்கொண்டால் ஹெரான், எக்ரெட். நேராக நீட்டியிருந்தால் கிரேன் அல்லது ஸ்டார்க் (நாரை). இதில் ஸ்டார்க் மரத்தில் உட்காரும், கூடும் கட்டும். வேடந்தாங்கலில் பார்க்கும் நத்தை கொத்தி நாரை அந்த வகை. சாரஸ் போன்ற கிரேன் தரையிலும் சதுப்பிலும்தான் கூடு வைக்கும். தமிழில் கிரேனைப் 'பெருங்கொக்கு' என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.