ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டியதும் ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது?

தக்கலையில் பழைய வீடு, நாலு ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டியதிலிருந்து ஆர்.சி.சி.பி. (போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்துப்போகாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்கிறீர்கள். சுவிட்சைத் திட்டாதீர்கள், முதலில் நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியைப் பாருங்கள். பழைய சுவிட்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூட்ரல் வந்திருக்காது. ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றுக்கு அது வேண்டும். அவசரத்தில் பச்சை எர்த் கம்பியையே நியூட்ரலாகக் கொடுத்துவிடுவார்கள். (எர்த் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜைத் தொட்டாலே ஷாக்.) ஒரு சுவிட்ச் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான், ஆனால் எர்த் வழியே போவதால் ஆர்.சி.சி.பி.க்கு அது கசிவாகத் தெரியும். நாலும் சேர்ந்து, மழை ஈரத்தின் கசிவும் கூடினால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழாமல் என்ன செய்யும்? நம் குமரி மாவட்டத்தில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு.

சரி, எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் முனையில் பச்சைக் கம்பி இருந்தால் கழற்றிவிட்டு, அதே ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலை இழுக்க வேண்டும். வேறு ஆர்.சி.சி.பி.யிலிருந்து கடன் வாங்கினால் இரண்டுமே விழக்கூடும்.