கழுந்தும் துளையும் வைத்து ஓர் இரும்புப் பாலம்

கேள்வி: இங்கிலாந்து போகிறேன். தொழிற்புரட்சியின் தடம் இன்னும் தெரிகிற சின்ன ஊர் ஒன்று சொல்லுங்களேன்? – ஒரு வாசகி

பதில்: யோசிக்காமல் சொல்வேன், அயர்ன்பிரிட்ஜ். ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றங்கரை ஊர். பாலத்தின் பெயர்தான் ஊருக்கும். ஆற்றை ஒட்டிய செங்குத்துச் சரிவில் வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கும்.

பக்கத்துக் கோல்புரூக்டேலில்தான் 1709-இல் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாக, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் கரியைப் போட்டு இரும்பு உருக்கினார். அவருடைய பேரன் எழுப்பியது இந்தப் பாலம். 1779-இல் நிமிர்ந்தது, 1781 புத்தாண்டு நாளில் திறந்தார்கள். சுமார் 30 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது.

நேரே பாலத்தின் மேல் ஏறிவிடாதீர்கள். முதலில் கரையில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். கழுந்து (துளைக்குள் செருகும் முனை), துளை, ஆப்பு என்று மரத்தை இணைப்பதுபோலவே இரும்பைப் பூட்டியிருக்கிறார்கள். இரும்பில் பாலம் கட்டிப் பழகியவர்கள் அன்று யார் இருந்தார்கள்? தெரிந்த தச்சு வேலையையே நம்பினார்கள். எனக்கு அங்கே கழுத்து வலித்தது, நகர மனம் வரவில்லை. 1795 பெருவெள்ளம் செவர்னின் மற்ற பாலங்களைப் பதம் பார்த்தபோது இது அசையவில்லை.

அப்புறம், பாலத்தின் பழைய சுங்கச் சாவடியில் அந்தக் காலத்துக் கட்டணப் பலகை இருக்கிறது. அரச குடும்பமே வந்தாலும் காசு கொடுத்துத்தான் கடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தவறாமல் நின்று படியுங்கள்.