தூக்கிவிட்டால் நீள்கிறது, தானாக நீளவில்லை

எலும்புக் கட்டியை எடுத்து செயற்கை முழங்கால் மூட்டு வைத்த பிறகு, நீங்கள் தூக்கிவிட்டால் மகனின் முழங்கால் முழுசாக நீள்கிறது, அவன் தானாக முயன்றால் கடைசியில் மடங்கியே நிற்கிறது என்றால், செயற்கை மூட்டு இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. நீட்டும் தசையின் இழுவை இன்னும் வந்து சேரவில்லை.

கட்டி முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில், கணுக்கால் பக்கமில்லாமல் மேல்முனையில் இருந்தது என்கிறீர்கள். அங்கே எலும்பை எடுக்கும்போது முட்டிச்சில்லிலிருந்து இறங்கும் தசைநாணையும் பிரித்தே ஆக வேண்டும், அப்புறம் அதை உலோக மூட்டோடு சேர்த்துத் தைத்து, பெரும்பாலும் கெண்டைக்கால் தசையில் ஒரு பகுதியைத் திருப்பி மேலே போர்த்துவார்கள். அது பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். தொடை எலும்பில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு, அவர்களோடு ஒப்பிட வேண்டாம்.

முழங்காலைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்ற அனுமதி இருந்தால், மல்லாந்து படுக்கவைத்து குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வையுங்கள். முழங்கால் தாழ்ந்து நேரானால் தசைப் பலவீனம்தான். தாழவில்லையா, பின்பக்கம் இறுகியிருக்கலாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கவிடாதீர்கள், பிசியோவிடமும் சொல்லுங்கள்.

வலிய மடக்கிப் பழக்காதீர்கள், அடுக்குமாடிப் புளோக் படிக்கட்டும் இப்போதைக்கு வேண்டாம். நேற்றுவரை தூக்கிய காலை இன்று திடீரென்று தூக்க முடியாவிட்டால், தழும்பு சிவந்து கசிந்தால், காய்ச்சல் வந்தால், அதுவும் கீமோ நடக்கும்போது, பாலிகிளினிக்கில் வரிசையில் நிற்காமல் அறுவை செய்த குழுவை அன்றே அழையுங்கள்.