போர்ட்ரெய்ட், நிலக்காட்சி, அச்சோவியம் மூன்றையும் செய்து பார்த்தவர்களின் அனுபவம் என்ன? எதை முதலில் கற்கலாம்?

ஓவியம் கற்க ஆரம்பித்து எனக்கு ஏழு வருடம் ஆகிறது. முகங்களில் தொடங்கி, நிலக்காட்சிக்குப் போய், கடைசியாகத்தான் அச்சோவியத்துக்கு, அதாவது செதுக்கிய பலகையிலோ கீறிய தகட்டிலோ மை பூசித் தாளில் படம் எடுக்கும் கலைக்கு வந்தேன். இப்போது தொடங்குபவர்களுக்கு அந்த வரிசையை நான் சொல்ல மாட்டேன். முகம் வரையத் தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு லினோ (செதுக்க எளிதான லினோலியம் விரிப்பு) துண்டையும் உளியையும் எடுத்துவிடுங்கள் என்பேன்.

முகத்தில் எல்லோரும் செய்யும் தவறுதான் என்னுடையதும். கண்களை மேலே ஏற்றி வைத்துவிடுவேன். உச்சந்தலையிலிருந்து தாடை நுனி வரை அளந்தால் கண்கள் கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கும். பேசும்போது நாம் பார்ப்பது கண்ணையும் வாயையும் என்பதால், கை தானாகவே அவற்றுக்கு அதிக இடம் கொடுத்து நெற்றியைச் சுருக்கிவிடுகிறது. அளந்து வரைந்தால் இது சீக்கிரம் சரியாகிவிடும். சரியாகாமல் இருந்தது வேறு ஒன்று. சாயல் வந்த பிறகும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. இமை, உதட்டோரம், காது மடல் என்று எல்லா இடத்திலும் நிழல் தேய்த்துக்கொண்டே போவேன். கடைசியில் முகம் முழுக்க ஒரே சாம்பலாகிவிடும், உயிர் போய்விடும்.

அந்தப் பழக்கத்தோடுதான் நிலக்காட்சிக்குப் போனேன். வெளியில் உட்கார்ந்தால் வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது. காலையில் தொடங்கிய படத்தை மதியம் வரை இழுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மரத்தின் நிழல் ஒரு பக்கமும் பாறையின் நிழல் இன்னொரு பக்கமும் விழுந்திருந்தன. இப்போது நிழல்களின் வடிவத்தை முதல் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவேன், அப்புறம் அவற்றைத் தொடுவதில்லை. ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் வானத்தை மட்டுமே நிறையச் சின்னப் படங்களாக வரைந்தார். அவற்றில் பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நானும் எழுதத் தொடங்கினேன். ஒரே குன்றைக் காலையிலும் மாலையிலும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், தூரம் என்பது நிறத்தில் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இடையில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவில் உள்ளவை வெளிறி நீலமாகத் தெரிகின்றன. அங்கே அடர்ந்த பச்சையைப் போட்டால் மலை நம் காலடிக்கு வந்துவிடும்.

சரி, லினோவுக்கு வருகிறேன். இதில் செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகவே நிற்கும், விட்டு வைத்த மேடு மையை வாங்கி அச்சாகும். நடுவில் சாம்பல் கிடையாது. கன்னத்தின் இந்தப் பகுதி கறுப்பா வெள்ளையா என்று உளி இறங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பென்சிலில் பல வருடம் தள்ளிப்போட்ட அந்த முடிவை லினோ ஒரே நாளில் என்னிடமிருந்து வாங்கிவிட்டது. முதல் படத்தைச் செதுக்கி முடித்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தபோது, வெளிச்சம் படும் பக்கத்தைக் கை தொடாமல் விட்டது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

தொடங்குவதற்கு அச்சு இயந்திரம் தேவையில்லை. ரோலரால் மையை மெல்லிசாக உருட்டி, மேலே தாளை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் நிதானமாகத் தேய்த்தால் போதும். லினோ இறுகிப்போயிருந்தால் கொஞ்சம் சூடாக்கினால் இளகும். பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

என் முதல் லினோ முகம் பாட்டியுடையது. அச்சைக் கையில் வாங்கியவுடன் அவர் சொன்னது: "மச்சம் இடம் மாறிடுச்சே கண்ணு." அச்சில் எல்லாமே இடவலமாகத் திரும்பும் என்று எனக்குத் தெரியும். எழுத்துக்குத்தான் அதைக் கவனித்தேனே தவிர, முகத்துக்கு யோசிக்கவில்லை. யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. திருப்பிப் போட்டதும் பாட்டி வேறு யாரோ போல ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் எச்சிங்குகளை (உலோகத் தகட்டின் மெழுகுப் பூச்சில் கீறி, கோடுகளை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுகளை) உன்னிப்பாகப் பார்த்தேன். தன் முகத்தை மட்டும் சுமார் 30 எச்சிங்குகளில் செய்திருக்கிறார். 1630-இல் கண்ணை அகல விரித்தபடி செய்த ஒன்றின் அளவு சுமார் 5 சென்டிமீட்டர்தான். கண்ணாடியில் தெரியும் முகம் ஏற்கனவே திரும்பியது. அதைப் பார்த்து நேரடியாகத் தகட்டில் கீறினால் அச்சில் மறுபடி திரும்பி, பிறர் நம்மைப் பார்க்கும் முகம் கிடைத்துவிடும். ஓவியத்தில் கிடைக்காத இது சுயசித்திரத்துக்கு அச்சு தரும் தனி வரம் என்றே நினைக்கிறேன். நீங்கள் முதலில் செதுக்கும் முகம் உங்களுடையதாகவே இருக்கட்டும், கண்ணாடி ஒன்று போதும்.

தகட்டு வேலையில், அமிலம் இல்லாமல் ஊசியால் நேரடியாகத் தகட்டில் கீறும் டிரைபாயிண்ட்டைத்தான் கொஞ்சம் செய்திருக்கிறேன். ஊசி கீறும்போது கோட்டோரம் எழும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெட் போல விழும். அழுத்தத்தில் அந்தப் பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடும், முதல் சில பிரதிகளில்தான் அந்த மென்மை இருக்கும். மழைக்கு முந்தைய வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோடு எனக்கு இதுவரை அமையவில்லை.

இப்போது பாட்டியின் முகத்தை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைத் திருப்பிப் போட்டு, புது லினோவில் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். மச்சம் சரியான கன்னத்தில் விழும். நெற்றியும் முடியும் முடிந்துவிட்டன, கண்களுக்கு இன்னும் உளி வைக்கவில்லை.