வெள்ளி மாலை 5 மணி என்று எழுதாதீர்கள்

கேள்வி: லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் யூதத் தோழி கணவரைப் பிரிந்துவிட்டார். இவர் ஹெண்டனில் ஆர்த்தடாக்ஸ் ஆசாரத்தோடு வாழ்கிறார். கணவர் ரெடிங்கில் இருக்கிறார், ஆசாரங்களை விட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு வயது 5, 8. இருவரும் சம்மதித்து நீதிமன்றத்தில் கொடுக்கப்போகும் வரைவில், "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி மாலை 5 முதல் ஞாயிறு மாலை 5 வரை தந்தையிடம், பண்டிகைகள் சரிபாதி" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: அப்படியே போட வேண்டாம். இந்த இரண்டு வரியிலும் பிறகு சண்டையாகப் போகும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் வெள்ளிக்கிழமை. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான யூத ஓய்வுநாள்தான் ஷபாத். அது தொடங்குவது கடிகாரத்தைப் பார்த்து அல்ல, சூரியனைப் பார்த்து. லண்டனில் டிசம்பர் நடுவில் பிற்பகல் 3.40-க்கு முன்பே மெழுகுவர்த்தி ஏற்றிவிட வேண்டும். ஜூனில் அதுவே இரவு 9-ஐத் தாண்டும். தொடங்கிவிட்டால் வண்டியில் போகக்கூடாது. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்குப் பிள்ளைகளை ஒப்படைப்பதென்றால் ஷபாத்தின் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் பயணம். ஓட்டுவது அப்பாதானே என்று தோன்றும். ஆனால் சங்கடம் பின்சீட்டில் இருக்கும் எட்டு வயதுக்கு. எனவே "பள்ளி விட்டதும் தந்தை பள்ளியிலேயே அழைத்துக்கொள்வார்" என்று எழுதுங்கள். குளிர்கால வெள்ளிகளில் யூதப் பள்ளிகள் சீக்கிரமே விட்டுவிடும், ஆனாலும் ரெடிங் போய்ச் சேர நேரம் போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். விடுமுறை வெள்ளிகளுக்கு நண்பகல் 12 மணி என்று வையுங்கள்.

திருப்பி விடுவதில் ஞாயிறு 5 மணிக்குச் சிக்கல் இல்லை. தாயின் வாரங்களில் தந்தைக்கு ஒரு நாள் கொடுப்பதாக இருந்தால் "சனி மாலை 6" என்று எழுதிவிடுவார்கள், அங்கேதான் இடிக்கும். ஜூனில் ஷபாத் முடிய இரவு 10 தாண்டும், ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் தூங்கியிருக்கும். "தொழுகைக்கூட நாட்காட்டிப்படி ஷபாத் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, அது இரவு 7.30-ஐத் தாண்டினால் ஞாயிறு காலை 9" என்று ஒரு வாக்கியம் போதும், ஆண்டு முழுக்கப் பொருந்தும். எந்தத் தொழுகைக்கூடத்தின் நாட்காட்டி என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

இனி "சரிபாதி". இதை மீறினார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. உத்தரவை மீறுபவர்மீது சி79 என்ற படிவத்தில் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்; மீறியது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகி, மீறியவர் நியாயமான காரணம் காட்டாவிட்டால் 40 முதல் 200 மணி நேரம் வரை ஊதியமில்லா வேலை செய்யச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு உத்தரவில் நாளும் நேரமும் இடமும் இருக்க வேண்டும்.

வசந்தகால யூதப் பண்டிகையான பெசாக்கை எடுத்துக்கொள்வோம். எபிரேய நாட்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும், அதனால் பண்டிகைத் தேதி முன்னும் பின்னும் நகரும். 2026-இல் பெசாக் ஏப்ரல் 1 மாலை, ஈஸ்டரை ஒட்டியே. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28. பெசாக்கோ ஏப்ரல் 21 மாலைதான் தொடங்குகிறது. "ஈஸ்டர் விடுமுறையில் பாதி" என்ற வரி அந்த ஆண்டு பெசாக்கைத் தொடவே தொடாது. இன்னொன்று: இஸ்ரேலுக்கு வெளியே பெசாக் எட்டு நாள், முதல் இரண்டு, கடைசி இரண்டு நாட்களில் ஷபாத் போலவே பயணம் கிடையாது. 2027-இல் முதல் இரண்டு நாள் வியாழனும் வெள்ளியும், அடுத்தது ஷபாத். புதன் மாலையிலிருந்து சனி இரவு வரை பிள்ளைகளை நகர்த்த முடியாது. ஆகவே ஏப்ரல் 25 ஞாயிறு காலை மாற்றிக்கொள்வது சரி. கடைசி இரண்டு நாட்கள் 27 மாலைதான் தொடங்கும். முன்பாதி ஒருவருக்கு, பின்பாதி மற்றவருக்கு; இரட்டைப்படை ஆண்டில் இவர், ஒற்றைப்படையில் அவர் என்று மாற்றுங்கள். மற்ற பெரிய பண்டிகைகளான ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத், ஷாவுவோத் ஒவ்வொன்றுக்கும் இதே மாதிரி எழுதி, அடுத்த மூன்று ஆண்டுத் தேதிகளைப் பின்னிணைப்பாக வையுங்கள். பண்டிகை வந்தால் வாரயிறுதி முறை அதற்கு வழிவிடும், ஆனால் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்காது என்ற வரி மறக்கக் கூடாதது. விட்டுவிட்டால் அக்டோபரில் "இது யார் வாரம்?" என்று தொடங்கிவிடும்.

சாப்பாடு: தந்தையின் சமையலறையை நீதிமன்றம் வந்து பார்க்காது. பிள்ளைகளுக்கு மட்டும் கோஷர் (யூத உணவு விதிப்படியான) முத்திரையுள்ள உணவு, தனிப் பாத்திரம் என்பதோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் நடக்கும். தந்தையும் ஷபாத் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டால் மொத்தமும் கெடும். 1989 குழந்தைகள் சட்டப்படி பிள்ளையின் நலனே முதன்மை; எந்தப் பெற்றோரின் ஆசாரத்துக்கும் அதில் தனி முன்னுரிமை இல்லை. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹரேதி (கடும் ஆசார யூதர்) குடும்பம் ஒன்றின் பள்ளி வழக்கில் ஆசாரம் குறைந்த பள்ளியையே உறுதிசெய்தது, அதுவும் நலனை வைத்துத்தான். பள்ளி மாற்றுவது இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

யூத மத நீதிமன்றமான பெத் தின்னில் பேசி முடித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். பேசலாம். 2013-இல் நியூயார்க் பெத் தின் முன்னிலையில் ஆன உடன்பாட்டை உயர் நீதிமன்றம் ஏற்று உத்தரவாக்கியது. ஆனால் அதற்கு முன் நீதிமன்றம் தானே பரிசீலித்தது. அந்த உத்தரவு இல்லாமல் பெத் தின் தீர்ப்பைக் கொண்டு பிள்ளைகள் விஷயத்தில் யாரையும் கட்டுப்படுத்த முடியாது.

கெட் என்னும் மத விவாகரத்துப் பத்திரத்தை இந்த வரைவில் எங்கேயும் நுழைக்காதீர்கள். "இத்தனை வாரயிறுதி கொடுத்தால் கெட் தருகிறேன்" என்று கணவர் பேசினால் தோழி உடனே வழக்கறிஞரிடம் சொல்லட்டும். 2002-ஆம் ஆண்டின் விவாகரத்து (மதத் திருமணங்கள்) சட்டத்தின் கீழ், கெட் வரும்வரை சிவில் விவாகரத்தை இறுதியாக்காமல் நிறுத்திவைக்கக் கேட்கலாம்.

கடைசியாக இஸ்ரேல் பயணம். "பிள்ளைகள் தாயுடன் வசிப்பார்கள்" என்று உத்தரவு இருந்தால் ஒரு மாதத்துக்குக் குறைவாக வெளிநாடு அழைத்துப்போகத் தந்தையின் சம்மதம் தேவையில்லை. தந்தையின் முறை வரும் நாட்களை அது விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் தங்கும் முகவரியும் 14 நாள் முன்பே கொடுக்கப்படும் என்றும், கடவுச்சீட்டுகள் யாரிடம் இருக்கும் என்றும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு இஸ்ரேலியக் குடியுரிமை இருந்தால் கடவுச்சீட்டு இரண்டு. இரண்டையும் குறிப்பிட வேண்டும்.